பச்சை மையில் ஒரு வரி

36 பக்கக் கையேடு. அதில் ஒரே ஒரு வரியோடு 3 மாதம் மல்லுக்கட்டினேன். வரி இதுதான்: "தொழிற்சாலையில் வைக்கப்பட்ட டைமர் அளவை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது."

இலக்கணப் பிழை இல்லை. குழப்பமும் இல்லை. தப்பான வரி, அவ்வளவுதான். தப்பு என்று அந்தக் கட்டடத்தில் குறைந்தது 5 பேருக்குத் தெரியும். ஆனாலும் ஒருத்தராலும் அதை அடிக்க முடியவில்லை.

நான் அப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பம்ப் செட் கம்பெனியில் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டாரும் பேனல் போர்டும் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு புத்தகம் வருமே, பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்கி எறிவோமே, அதுதான் என் வேலை. சொந்தக்காரர்களிடம் விளக்கி விளக்கி அலுத்துப்போய், "கம்பெனியில் டைப் அடிக்கிறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். கல்யாண வீடுகளில் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

கையேட்டை ஒருத்தர் எழுதுகிறார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அட்டையில் பெயர் இல்லாததால் யாரோ ஒருத்தர் என்று நினைப்பார்கள். உண்மையில் அது ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. டிசைன்காரர்கள் ஒரு வாளி, குவாலிட்டி ஒரு வாளி, சர்வீஸ் ஒரு வாளி, மார்க்கெட்டிங் ஒரு வாளி. நான் கயிறு பிடிக்கிற ஆள். யார் வாளி முதலில் இறங்கும், யார் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதெல்லாம் எங்கேயும் எழுதி வைத்திருக்காது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அந்த டைமர் கதையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்தச் சண்டை எதற்கு என்று புரியாது.

போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே ஓடும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிளுக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி, தண்ணீர்தான் எண்ணெய். வறண்டு ஓடினால் தண்டைத் தாங்கும் புஷ் தேயும், சூடு ஏறும், கடைசியில் உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்து போகும். அதனால் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பேனல் போர்டில் டிரை ரன் பாதுகாப்பு என்று ஒன்று வைப்பார்கள். தண்ணீர் இல்லையென்றால் மோட்டார் இழுக்கும் கரண்ட் குறையும். அதைப் பார்த்து பேனல் தானாக மோட்டாரை நிறுத்திவிடும். கொஞ்ச நேரம் கழித்து, போரில் தண்ணீர் ஊறியிருக்கும் என்ற நம்பிக்கையில் மறுபடி ஓட்டும். அந்தக் "கொஞ்ச நேரம்"தான் டைமர். எங்கள் பேனலில் அது 10 நிமிடம்.

10 நிமிடத்தில் ஊறுகிற போருக்கு அது சரி. பல்லடம், சூலூர்ப் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்கள் இருக்கின்றன. சிலதில் ஊற்று நூல் மாதிரி. 2 மணி நேரம் விட்டால்தான் மறுபடி ஓட்டுகிற அளவுக்குத் தண்ணீர் சேரும். அங்கே என்ன ஆகும்? விவசாயத்துக்கான மும்முனை மின்சாரம் முறை வைத்து வருகிறது. ராத்திரி 12 மணிக்கு வரலாம். யாரும் தோட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் பார்த்துக்கொள்ளும். மோட்டார் ஓடும், ஒரு நிமிடத்தில் தண்ணீர் தீரும், நிற்கும். 10 நிமிடம் கழித்து மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். 6 மணி நேரத்தில் 30 தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மோட்டார் ஓடும் கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். காயிலைக் காப்பாற்ற வைத்த பாதுகாப்பே விடிவதற்குள் காயிலை வறுத்துவிடும்.

இது மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி. ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டைமரைத் திருகி ஒன்றரை, 2 மணி நேரத்துக்கு வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அப்புறம் வாரண்டிக்கு மோட்டார் வந்தால், "டைமர் மாற்றப்பட்டுள்ளது, வாரண்டி கிடையாது" என்று கையேட்டின் அந்த வரியைக் காட்டி நிராகரிப்போம். மாற்றாமல் விட்டவர் மோட்டாரை ரீவைண்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போவார். ஆக, எப்படிப் பார்த்தாலும் விவசாயிக்குத்தான் செலவு.

சரி, வரியை மாற்ற வேண்டியதுதானே?

அந்த வரியை எழுதியவர் எங்கள் ஜெனரல் மேனேஜர். பல வருஷம் முன்னால், அவர் டிசைனில் இன்ஜினியராக இருந்தபோது எழுதியது. நியாயமாகச் சொன்னால் அன்றைக்கு அது சரியான வரி. அப்போது மெக்கானிக்குகள் டைமரைக் கூட்டவில்லை, குறைத்தார்கள். "ஏன் உடனே ஓடலை" என்று விவசாயி சத்தம் போடுவார் என்று 1 நிமிடத்துக்குத் திருகினார்கள். மோட்டார்கள் வரிசையாக எரிந்து வந்தன. ஒரு மனிதர் ராத்திரி பகலாக உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்து, கோபத்தில் அந்த வரியை எழுதினார். "எக்காரணம் கொண்டும்" என்பதில் அந்தக் கோபம் இன்னும் இருந்தது. அவர் மேலே போனார். வரியும் அவரோடு பதவி உயர்வு பெற்றது.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 3 கட்டங்கள் இருக்கும்: தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். ஐஎஸ்ஓ 9001 தரச் சான்று வைத்திருக்கும் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இந்தக் கட்டங்களைப் பார்க்கலாம். ஆவணத்துக்கு ஒப்புதலும் கட்டுப்பாடும் வேண்டும் என்றுதான் அந்தத் தரநிலை கேட்கிறது. நாம் அதைச் சாதி வரிசை மாதிரி ஆக்கிக்கொண்டோம். கீழ்க்கட்டத்துக்காரர் மேல்கட்டத்துக்காரரின் வரியைத் தொட மாட்டார். தணிக்கைக்கு வந்தவர்கள் கட்டத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். வரி சரியா என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வரைவு வேர்டு கோப்பாகச் சுற்றும். ட்ராக் சேஞ்சஸ் போட்டிருப்பேன். ஒவ்வொருவர் திருத்தமும் ஒவ்வொரு நிறத்தில் வரும். ஜி.எம். மட்டும் கம்ப்யூட்டரில் திருத்த மாட்டார். பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். கெஜட்டட் ஆபீசர் மாதிரி பச்சை மைப் பேனாவில் எழுதுவார். திரையில் இருக்கும் நிறங்களை ஏற்கலாம், நிராகரிக்கலாம், ஒரு கிளிக்கில் போய்விடும். பச்சை மைக்கு நிராகரி என்ற பட்டன் கிடையாது. அதை நான் அப்படியே டைப் அடித்து ஏற்ற வேண்டும். வீட்டில் சொன்ன பொய் ஒரு வகையில் உண்மைதான்.

அந்த நிறங்களைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தால் கம்பெனியே அதில் தெரிந்துவிடும். ஒரே பதவியில் இருக்கிறவர்கள் ஒருவர் வரியை ஒருவர் தாராளமாக வெட்டுவார்கள். தனக்குக் கீழே இருப்பவரின் வரியை வெட்டும்போது காரணம் எழுத மாட்டார்கள். மேலே இருப்பவரின் வரி என்றால் வெட்டவே மாட்டார்கள், பக்கத்தில் ஒரு கேள்வியாகப் போடுவார்கள்: "சார், இதை ஒருமுறை பார்க்கலாமா?" அந்தக் கேள்விக்கு "பார்த்தேன்" என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது. சிலர் கோப்பிலேயே எழுத மாட்டார்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்: "மேடம், 22-ம் பக்கம் தப்பு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

டிசைனில் ஒரு ட்ரெயினிப் பெண் சேர்ந்திருந்தாள். 4 மாதம்தான் ஆகியிருந்தது, வழக்கம் தெரியாது. டைமர் வரிக்குப் பக்கத்தில் அவள் போட்ட குறிப்பு: "இந்த வரி தவறு. ஊறும் நேரம் 10 நிமிடத்துக்கு மேல் உள்ள போர்களுக்கு இது பொருந்தாது. சர்வீஸ் ரிப்போர்ட்களைப் பார்க்கவும்." மூன்றே வாக்கியம். 3 மாதமாக நாங்கள் சுற்றி வளைத்ததை அவள் நேராகச் சொல்லிவிட்டாள். ஜி.எம்.முக்குப் பிரிண்ட் எடுப்பதற்கு முன்னால் அந்தக் குறிப்பை நான் நீக்கினேன். அவளுக்கு நல்லதுதான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வரைவில் தன் குறிப்பு இல்லாததை அவள் பார்த்திருப்பாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் திருத்தமெல்லாம் கமா, முற்றுப்புள்ளியோடு நின்றுவிட்டது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அவள்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஜி.எம்.மைக் குறை சொல்வது சுலபம். அவர் அந்தக் குறிப்பைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பார். அவருக்கும் அந்த மூன்று வாக்கியத்துக்கும் நடுவில் நின்றவள் நான்தான்.

"ஒருவேளை" என்று எழுதியதும் வேறொரு "ஒருவேளை" ஞாபகம் வருகிறது. 1979 மார்ச் 28-ம் தேதி அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலேண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடி மாட்டிக்கொண்டது; மீட்டர்கள் காட்டியதை நம்பிய ஆபரேட்டர்கள், உலையில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று நினைத்து அவசரத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பைக் குறைத்துவிட்டார்கள். ஒன்றரை வருஷம் முன்னால், 1977 செப்டம்பரில், ஒஹாயோவில் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே வால்வுக் கோளாறு, இதே தப்பு நடந்திருந்தது. அங்கே உலை குறைந்த சக்தியில் ஓடிக்கொண்டிருந்ததால் தப்பித்தார்கள். இரண்டு உலைகளையும் செய்த கம்பெனி ஒன்றுதான், பாப்காக் அண்ட் வில்காக்ஸ். அங்கே ஜோசப் கெல்லி என்ற இன்ஜினியர் 1977 நவம்பரில் உள் குறிப்பு ஒன்று எழுதினார். அவசரப் பம்ப்பை எப்போது நிறுத்தலாம் என்பது பற்றி நம் வாடிக்கையாளர்களுக்குப் போதுமான வழிகாட்டுதல் தருவதில்லையோ என்பது அதன் சாரம். அதன் முதல் வாக்கியத்திலேயே ஒரு "ஒருவேளை" இருக்கிறது. கூடவே, மற்றவர்கள் கருத்தையும் பணிவாகக் கேட்டிருந்தார். பெரிதாக எதுவும் அசையவில்லை. அவரைவிட அனுபவமும் பொறுப்பும் அதிகமுள்ள பெர்ட் டன் என்ற இன்ஜினியர் 1978 பிப்ரவரியில் அழுத்தமாகவே எழுதினார். அதுவும் இன்னொரு துறை எழுப்பிய சந்தேகத்துக்குப் பதில் வராமல் நடுவில் நின்றுபோனது. விபத்து நடக்கும் வரை அந்த அறிவுரை ஆபரேட்டர்கள் கைக்குப் போகவில்லை. விசாரித்த கெமனி ஆணையம் இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது.

பம்ப்பை எப்போது நிறுத்துவது என்பதுதான் அங்கேயும் கேள்வி. எங்கள் மோட்டார் எரிந்தால் ஒரு தோட்டத்துக்கு ஒரு வாரம் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்த "ஒருவேளை" எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். பிழை இருப்பதில் சந்தேகம் வந்து போடுகிற சொல் இல்லை அது. படிக்கப்போகிறவர் யார் என்று யோசித்துப் போடுகிற சொல்.

பணிவு எப்போதும் கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். 1969 ஏப்ரல் 7-ம் தேதி ஸ்டீவ் கிராக்கர் என்ற, அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக மாணவர் கம்ப்யூட்டர்களை இணைப்பது பற்றி ஒரு குறிப்பு எழுதினார். தங்கியிருந்த வீட்டில் மற்றவர்கள் தூக்கம் கெடக் கூடாது என்று ராத்திரி பாத்ரூமில் உட்கார்ந்து எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். மாணவர்கள் சட்டம் போடுவதா என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் அதற்கு "கருத்து வேண்டி" என்ற பொருளில் ஆர்எஃப்சி என்று பெயர் வைத்தார்கள். இணையத்தின் தொழில்நுட்ப ஆவணங்கள் இன்றுவரை அந்தப் பெயரில்தான் வருகின்றன, எண்ணிக்கை 9000-ஐத் தாண்டிவிட்டது. அங்கே பணிவு யாரையும் வாயை மூட வைக்கவில்லை, வாயைத் திறக்க அழைத்தது. எங்கள் ஆபீஸ் பணிவு அந்த ரகம் இல்லை.

அதே ஆர்எஃப்சி வரிசையில் 1997-ல் வந்த ஒன்றில், ஒரு தொழில்நுட்ப ஆவணத்தில் எது கட்டாயம், எது செய்தால் நல்லது, எது விருப்பம் என்பதற்குத் தனித்தனி ஆங்கிலச் சொற்களை வரையறுத்து வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதுகிற எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும். நம் "வேண்டும்" கட்டாயத்துக்கும் வரும், அறிவுரைக்கும் வரும். "சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்" என்று அத்தை சொல்வதும், "வரி கட்ட வேண்டும்" என்று அரசாங்கம் சொல்வதும் ஒரே வேண்டும். "கூடாது" அதைவிட மோசம், அதில் படியே இல்லை. எங்கள் ஆங்கில மூலத்தில் அந்த டைமர் வரி கொஞ்சம் இளகிய குரலில்தான் இருந்தது. தமிழுக்கு வரும்போது "கூடாது" ஆனது. பச்சை மை "எக்காரணம் கொண்டும்" சேர்த்தது.

மொழிபெயர்ப்புக் கூத்து இன்னொன்று. மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீர் நிரப்பித்தான் போருக்குள் இறக்க வேண்டும். ஆங்கிலத்தில் குடிக்கத் தக்க நீர் என்று இருந்ததை ஒருத்தர் "குடிநீர் நிரப்பவும்" என்று மாற்றிவிட்டார். ஒரு மெக்கானிக் போன் பண்ணி, "மேடம், மோட்டாருக்கு கேன் தண்ணி வாங்கி ஊத்தணுமுங்களா?" என்றார். இந்த வரியை மாற்ற எனக்கு 5 நிமிடம்தான் ஆனது. அதை எழுதியவர் ஒரு ஒப்பந்த மொழிபெயர்ப்பாளர், யாருக்கும் மேலதிகாரி இல்லை.

டைமர் விஷயத்துக்காக ஒரு ரிவ்யூ மீட்டிங் போட்டார்கள். சர்வீஸ் பிரிவிலிருந்து ஒரு மூத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தார்கள். 30 வருஷ அனுபவம், கையைப் பார்த்தாலே தெரியும். மீட்டிங் ஆங்கிலத்தில் நடந்தது. அவசியமே இல்லை, அறையில் இருந்த எல்லோருக்கும் தமிழ் தெரியும். ஆனால் புரொஜக்டர் போட்டுவிட்டால் எங்களுக்கு ஆங்கிலம் வந்துவிடும். ஜி.எம். நடுவில் அவரைப் பார்த்து, "என்ன, ஃபீல்டுல பிரச்சினை ஒண்ணும் இல்லையே?" என்று தமிழில் கேட்டார். "இல்லீங்க சார்" என்றார் அவர். மீட்டிங் குறிப்பில், சர்வீஸ் பிரிவுடன் கலந்தாலோசிக்கப்பட்டது என்று நானே எழுதினேன். யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடிக்கலாம். அந்த "பட்டது" இல்லாவிட்டால் பாதி மீட்டிங் குறிப்புகளை எழுதவே முடியாது.

சாயங்காலம் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அவரைப் பார்த்தேன். உள்ளே "மேடம்" என்றவர் வெளியே "வா அம்மிணி, டீ சாப்பிடு" என்றார்.

"ஏனுங்ணா, உள்ள கேட்டப்ப ஒண்ணுமே சொல்லலியே?"

"அந்த எடத்துல என்ன சொல்றது? அவுரு எழுதுன வரி அது. எல்லாத்துக்கும் முன்னால வெச்சு தப்புன்னு சொல்ல முடியுமா?"

அப்புறம் டீக்கடைப் பெஞ்சில் விரலால் கோடு போட்டு விளக்கினார். மோட்டாரை நிறுத்தி வைத்து, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பார்ப்பாராம். அதைவிடக் கால் மணி நேரம் கூட்டி டைமரை வைப்பாராம். "கூட்டலாம் அம்மிணி. கொறைக்கத்தான் கூடாது. அதைத்தான் அவுரும் அன்னைக்கு நெனச்சிருப்பாரு. எழுதறப்ப மாறிப்போச்சு."

கூட்டலாம், குறைக்கக் கூடாது. 3 மாதம் தேடிய வாக்கியம் 10 ரூபாய் டீயில் கிடைத்தது.

இதை எப்படி உள்ளே கொண்டுபோவது? சர்வீஸ் ஹெட் பழம் தின்று கொட்டை போட்டவர். "பழைய வரியைத் தொடாதீங்க. அதுக்குக் கீழ ஒரு வரி சேருங்க," என்றார். சேர்த்தேன்: "டைமர் அளவைக் குறைக்கக் கூடாது. நீர் ஊற அதிக நேரம் ஆகும் போர்களில், கம்பெனி அங்கீகரித்த மெக்கானிக் மட்டும் அதைக் கூட்டி வைக்கலாம்." பிரிண்ட் எடுத்து இருவரும் ஜி.எம். அறைக்குப் போனோம். படித்தார். பேனா நின்றது.

"இதை யாரு எழுதுனது?"

எனக்கு வாய் வரவில்லை. சர்வீஸ் ஹெட் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நீங்க அன்னைக்கு மீட்டிங்ல சொன்னதுதான் சார். கூட்டலாம், குறைக்கக் கூடாதுன்னு."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பிறகு மேலே இருந்த "எக்காரணம் கொண்டும்" என்பதை அவரே அடித்தார். பக்கத்தில் பச்சையில் ஒரு டிக்.

இன்னும் ஒன்று பாக்கி. கையேட்டின் முன்பக்கத்தில் திருத்த வரலாறு என்று ஒரு அட்டவணை இருக்கும். தொழில்நுட்ப மாற்றம் என்று அதில் எழுதினால் டிசைன் மாற்றப் படிவம் போட வேண்டும், 5 கையெழுத்து, இன்னொரு மீட்டிங், மறுபடி புரொஜக்டர். அதனால் அந்தக் கையேட்டில் நடந்த ஒரே முக்கியமான மாற்றத்துக்கு நேரே இப்படி எழுதினேன்: "திருத்தம் 4. எழுத்துப் பிழைகள் சரிசெய்யப்பட்டன."

அச்சாகி வந்ததும் முதல் பிரதியை மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விரலை வைத்து மெதுவாகப் படித்தார். எழுத்துத் தமிழில், கம்பெனிக் குரலில் இருந்ததால் அது தன் பேச்சுதான் என்று அவருக்குத் தெரியவில்லை.

"நல்லா இருக்குதே. யாரு சொன்னது இது?"

"ஜி.எம். சார்," என்றேன். பழக்க தோஷம்.

"பரவால்லியே," என்றார். "அவருக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்குது பாரு."